மாசி வீதியில் ஓடும் சித்திரைத் தேர்

மதுரையில் வழி கேட்டால் மாதத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. நான்கும் கோயிலைச் சுற்றியே வருவதால், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று ஒரு திசையும் ஒட்டிக்கொள்கிறது. எந்த மாதத்து விழாவுக்குச் சுவாமி எந்த வீதியைச் சுற்றினாரோ அந்த மாதமே வீதியின் பெயராயிற்று என்பார்கள். ஆனால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியபோது மாதம் மாறியது, தேர் தன் பழைய வீதியை விடவில்லை.

அந்தத் தேர் நிற்கும் கீழமாசி வீதியில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும், பலசரக்கு மண்டிகளின் மிளகாய் வற்றல் நெடியும் தும்மலும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மாசி வீதிகளைத் தாண்டினால் மாதங்கள் முடிந்து மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்து ஊரை விரிவாக்கினார். அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று வீதிகளாக இருக்கிறார்கள். கலெக்டரை ஊர் மறந்துவிட்டது; அவர் நினைவாக நட்ட விளக்குத்தூண் மட்டும் இடப்பெயராகவும் காவல் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. ஒரு மேஸ்திரிக்கு வீதி கிடைத்த ஊர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இந்த ஊரின் குணத்தை நான் முதலில் அறிந்தது கீழக்கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில். பெயர்தான் புதிது, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்க அம்மா அங்கேதான் அழைத்துப்போவார். ஒரு தூணுக்கு ஒரு தையல் மிஷின் என்று வரிசையாகக் கடகடத்துக்கொண்டிருக்க, தையற்காரர் என் தோளில் நாடாவை வைக்கும்வரை யாளியின் பல்லைத் தடவிக்கொண்டு நிற்பேன். பாத்திரம், வளையல், பஞ்சாங்கம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. பொட்டலங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த சிற்பங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் மிஷின் சத்தமில்லாத அந்த மண்டபத்தை நினைத்தால் எனக்கு ஒட்டவில்லை.

போன மாதம் தலையணை உறை தைக்கச் சத்திரத்துக்குப் போனேன். முதியவர் ஒருவரிடம், "அய்யா, முன்னாடி புதுமண்டபத்துலயா இருந்தீங்க?" என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ராவணன் கயிலாசத்தத் தூக்குற தூணு இருக்குல்ல தம்பி, அதுக்கு ரெண்டு தூணு தள்ளி" என்றார்.