தாளில் தைத்த செடிகள்

காய்ந்த செடியில் நிறம் தங்காது. வாய்க்கால் ஓரத்தில் ஊதாவாய்ப் பூத்து நிற்கும் நீர்முள்ளியை அழுத்திக் காயவைத்தால் பூ வெளிறிவிடும். அதனால் பறித்த இடத்திலேயே பூவின் நிறம், செடியின் உயரம், மணம், நின்ற மண் அத்தனையையும் எழுதியாக வேண்டும். செடிகளைக் காயவைத்துத் தாளில் தைத்துக் காக்கும் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் நான் கற்ற முதல் பாடம் இது.

இயேசு சபையினர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி. இங்கே செடிகளைச் சேகரித்த பிரெஞ்சுத் துறவி ராபினட்டின் பெயரில் அருள்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் ஹெர்பேரியத்தை நிறுவினார். தமிழகத்தின் சமவெளிகளிலும் கொல்லிமலை, பச்சைமலை போன்ற குன்றுகளிலும் வளரும் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1981 முதல் 1988 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் எண்ணிக்கொண்டிருப்பவரால் இப்படியொரு வேலையைத் தொட முடியாது. ஒரே பணிக்கு ஆயுளைக் கொடுக்கும் துறவு வாழ்க்கைதான் இதைச் சாத்தியமாக்கியது என்பது என் உறுதியான எண்ணம். சைவக் குடும்பத்தில் பிறந்த நான் இதை மனமாரச் சொல்கிறேன்.

அந்த நூலின் சில தொகுதிகள் முழுக்கக் கோட்டோவியங்களே. ஆராய்ச்சி வேறு, கலை வேறு என்பவர்கள் செடியை வரைபவரின் மேசையருகே சற்று நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஊசிமுனையால் இதழ்களை விரித்து, நுண்ணோக்கியில் மகரந்தத்தாள்களை எண்ணிய பிறகே பேனா தாளைத் தொடும். ஒரு ரோமம் தவறினாலும் வேறு செடியாகிவிடும்.

ஐப்பசி அடைமழையில்தான் எங்களுக்கு வேலை அதிகம். அழுத்துப்பலகைக்குள் செடிகளுக்கிடையே வைத்த செய்தித்தாள் ஈரம் வாங்கிவிடும். அன்றன்று மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஃபாதர், ஆய்வு மாணவர், உதவியாளர் என்ற பேதமின்றி எல்லோரும் சேர்ந்து தாள் மாற்றுவோம். பக்கத்தில் லூர்து அன்னை ஆலய மணி அடிக்கும். பூசைக்குப் போகிறவர் போவார்; மற்றவர் கை நிற்காது. பேச்சும் அங்கேதான். வயற்காட்டில் வளர்ந்த உதவியாளர் ஒருவர் கோரைகளைத் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடுவார். அவர் பிரித்ததை நாங்கள் நூலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்போம்.

கல்லூரியின் விரிவாக்கத் திட்டத்தில் கிராமங்களுக்குப் போய்வரும் மாணவர்களில் சிலர், வரப்போரச் செடிகளைக் கையோடு கொண்டுவந்து பெயர் கேட்பார்கள். பெயர் சொல்வதோடு விடமாட்டோம். எந்த ஊர், எந்த மாதம், தண்ணீரிலா மேட்டிலா, ஊரார் அதை என்னவென்று அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதவைப்போம். விவரம் இல்லாத செடி வெறும் சருகு.

டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் காலத்தில் இந்தத் தாள்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த டி.என்.ஏ. எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்று நாளை ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்க, ஊரும் தேதியும் எழுதி, நூலால் தைத்த ஒரு தாள் அலமாரியில் இருந்தாக வேண்டும்.