காதுக்கு அளவெடுத்த இயர்பட்ஸ்

காதுக்கு அளவெடுத்து இயர்பட்ஸ் செய்துகொண்டேன் என்றால், எல்லாரும் கேட்பது "சவுண்ட் சூப்பரா இருக்கா?" என்றுதான். சூப்பர்தான். ஆனால் வால்யூமைக் குறைத்து வைத்தே கேட்க முடிகிறதே, எனக்கு அதுதான் பெரிய லாபம். பஸ்ஸில் நாம் வால்யூமை ஏற்றுவது பாட்டுக்காகவா? இரைச்சலை அமுக்கத்தானே! காதை நன்றாக அடைக்கிற பட்ஸ் இருந்தால் அந்தத் தேவையே பெரும்பாலும் வராது.

அளவெடுப்பது வேடிக்கையான வேலை. செவிப்பறைக்கு முன்னால் நூல் கட்டிய குட்டிப் பஞ்சை வைத்துவிட்டு, சிரிஞ்சால் சிலிகோன் பசையை ஜில்லென்று நிரப்புகிறார்கள். இறுகும்வரை உலகமே மியூட். நடுவில் வாயைத் திறந்து மூடச் சொன்னார்கள். தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவமும் மாறுமாம்!

காதுக்குக் கேடில்லாமல் கேட்க உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். ஒலியை உணரும் உட்செவி மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

எல்லாருக்கும் இப்படி அளவெடுத்த பட்ஸ் தேவையா? இல்லை. சரியான சைஸில் ஃபோம் டிப்ஸ் (பட்ஸ் நுனியில் மாட்டும் மெத்தென்ற உறை) போட்டாலே பலருக்குப் போதும்.

ரோட்டில் நடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். பின்னால் அடிக்கிற ஹார்ன் நிஜமாவே கேட்காது.