முனி கேட்க வேண்டிய சம்மதம்

மதுரையில் இருந்துகொண்டு தொடர்கதைகளுக்குப் பிரதி திருத்துவது என் வேலை. குடும்பக் கதை, பேய்க்கதை என்று வந்துகொண்டிருந்த இடத்தில் சில காலமாக இன்னொரு வகையும் வருகிறது: அமானுஷ்யக் காதல். அதிலும் மூன்று பேரோ நான்கு பேரோ, ஒளிவுமறைவில்லாமல் எல்லோர் விருப்பத்தோடும் சேர்ந்து வாழும் காதல். ஆங்கிலத்தில் ரத்தக்காட்டேரிகளையும் ஓநாய் மனிதர்களையும் வைத்து இப்படி நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழில் இதற்குத் துணிகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் தொடர் இப்போது என் கையில் இருக்கிறது. ஒருத்தி, அவள் கணவன், கண்மாய்க் கரையில் காவல் நிற்கும் சாமியான முனி. முனியை வாசகர்கள் முதல் அத்தியாயத்திலேயே ஏற்றுக்கொண்டார்கள். பாண்டி முனி கோயிலுக்குக் கிடா நேர்ந்துவிடும் ஊரில் அதற்கு மெனக்கெட வேண்டியதே இல்லை. கணவன் ஒத்துக்கொண்டதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை.

காரணம் பிரதியிலேயே இருந்தது. முனி கண்ணைப் பார்க்கிறது, கணவன் கிறங்கிப்போய்த் தலையாட்டுகிறான். போனில் கேட்டேன்:

"கிறக்கம் தெளிஞ்சா அவன் என்னம்மா சொல்வான்?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீக? முனின்னா வசியம் இருக்கத்தானே செய்யும்?"

"இருக்கட்டும். அதைச் சம்மதம்னு எழுதாத."

இந்த வகைக் கதையின் பெரிய சிக்கலே இதுதான் என்று நினைக்கிறேன். வசியம், பூர்வஜென்ம பந்தம், விதி சேர்த்த இணை என்று அமானுஷ்யம் கொடுக்கும் வசதிகள் எல்லாமே பேச வேண்டிய பேச்சை விழுங்கிவிடுகின்றன. மூவர் வாழ்க்கையோ பேச்சில்தான் நிற்கிறது. அவள் திருத்தி எழுதினாள். முனி நிலைப்படிக்கு வெளியே அரிவாளை ஊன்றிவிட்டு, வசியத்தை விட்டு, வாய்திறந்து கேட்கிறது. கணவன் உடனே பதில் சொல்வதில்லை. வயலுக்குப் போகிறான், சண்டை போடுகிறான், சாப்பிடாமல் படுக்கிறான். அந்த அத்தியாயங்களைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே மதுரைவீரன் பொம்மி, வெள்ளையம்மாளோடு இருக்கிறார். ஆனால் அந்தப் பெண்கள் இருவரும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. சிலப்பதிகாரத்திலும், மதுரை எரிந்து 14 நாள் கழித்து வானுலகிலிருந்து வந்த கோவலன் கண்ணகியோடு போய்விடுகிறான், மாதவிக்குத் துறவு. இன்றைய தொடர்கதைகளிலும் மூன்றாவது ஆள் சாக வேண்டும், இல்லை வெளிநாடு போக வேண்டும். மூவரையும் கடைசிவரை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க நமக்குக் கைப்பழக்கம் போதவில்லை.

எழுத்து வேலையும் கூடிவிடுகிறது. மூவர் என்றால் மூன்று ஜோடி, நால்வர் என்றால் ஆறு. ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் காட்சி வேண்டும். இரண்டு ஆண்கள் வரும் காட்சியில் 'அவன் சிரித்தான்' என்றால் யார் சிரித்தது? பெயரையே திரும்பத் திரும்பப் போட்டால் காதல் காட்சி வருகைப்பதிவேடு ஆகிவிடும். விளிப்பதை வைத்தே இந்தப் பெண் சமாளித்தாள். முனியை "சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கணவன், ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது இயல்பாக "மாப்ள" என்கிறான். அடுத்த வரியில் அவள் எந்த விளக்கமும் எழுதவில்லை. நானும் தொடவில்லை.

முடிவு இன்னும் பாக்கி. காதல் கதைக்குச் சுபம் வேண்டும் என்பார்கள். முனிக்குச் சாவில்லை, மற்ற இருவருக்கும் நரை விழுந்துகொண்டிருக்கிறது. இரண்டு பேரையும் அடக்கம் செய்யப்போவது முனிதான். அதை மூவரும் ஒளிக்காமல் பேசிவிட்டால் அதுவே சுபம் என்பது என் கட்சி, அவள் யோசிக்கிறாள். கணவனும் முனியும் மட்டும் தனியே இருக்கும் அத்தியாயம் வேறு இன்னும் வரவில்லை. அது வரும்வரை முற்றும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.