ஓடைத் தண்ணீரில் கிருமிக் கணக்கு: மொள்ளும் இடத்திலிருந்து குழாய் வரை

ஊர் ஓடையில் மலக்கிருமி எவ்வளவு என்று பார்க்கக் கிளம்பும்போது கவனமெல்லாம் ஆய்வகத்தின் மேல்தான் போகும். ஓராண்டுச் சுற்று முடித்ததில் நாங்கள் கண்டது வேறு. தப்பு பெரும்பாலும் தண்ணீர் மொள்ளும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

குறைந்தது மூன்று இடம் வேண்டும்: ஊருக்கு மேலே ஒன்று, சாக்கடை கலந்த பிறகு ஒன்று, ஏரிக்குள் போகுமுன் ஒன்று. சாக்கடை விழும் வாயிலேயே மொள்ளக் கூடாது. அங்கே ஒரு கரை சாக்கடையாகவும் மறு கரை தெளிவாகவும் ஓடும். இரண்டு வளைவு தாண்டி, நன்றாகக் கலந்த இடத்தில் எடுக்க வேண்டும். மேலிடத்து மாதிரியை யாரும் விட்டுவிடாதீர்கள். மாடு, ஆடு, வாத்து எல்லாவற்றின் கழிவிலும் ஈ.கோலை என்னும் மலக்கிருமி உண்டு. மேட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் கீழே வரும் எண்ணை ஊர்ச் சாக்கடையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

நேரத்தையும் மாற்றாதீர்கள். வெயில் ஏற ஏற மேல்மட்டத்துக் கிருமி சாகும். காலை 7 மணிக்கு எடுத்ததையும் பகல் 2 மணிக்கு எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். மழை பெய்த மறுநாள் எடுத்ததைத் தனிப் பக்கத்தில் எழுதினோம். முதல் வெள்ளம் கரைச் சாணத்தை அடித்துக்கொண்டு வரும். அடிச்சேற்றில் தங்கியிருந்த கிருமியையும் கிளப்பிவிடும்.

அதே காரணத்தால் ஓடையில் இறங்கும் காலும் ஆபத்துதான். கீழிருந்து மேல்நோக்கி நடந்து, நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கலங்கல் காலுக்குப் பின்னால் போகும்வரை காத்திருக்க வேண்டும். 250 மில்லி கண்ணாடிப் புட்டி, வாயில் அலுமினியத் தாள் சுற்றி, ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கியது. அடியைப் பிடித்து, வாய் கீழ்நோக்கி இருக்க 20 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி, அங்கே வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்பி எடுக்க வேண்டும். ஆழம் குறைந்த ஓடை என்றால் பாதி ஆழம் போதும். மேலே இரண்டரை செ.மீ. காலி விடுங்கள், பிறகு குலுக்க அந்த இடம் தேவைப்படும். ரசாயனச் சோதனைப் புட்டியை மூன்று முறை அலம்பிப் பழகிய கை இதையும் அலம்பத் துடிக்கும். கிருமி நீக்கிய புட்டியை அலம்பவே கூடாது. கிருமிப் புட்டியை முதலில் நிரப்பிவிட்டு மற்றதை எடுங்கள்.

ஐஸ் பெட்டியில் உதிரி ஐஸைக் கொட்டினோம். உருகிய தண்ணீரில் புட்டிகள் கழுத்துவரை மூழ்கின. மூடி வழியே நீர் உள்ளே போயிருந்தால் அந்த மாதிரி வீண். பிறகு தண்ணீர்ப் பாட்டில்களையே உறையவைத்து இடையில் சொருகினோம். 10 டிகிரிக்குள் வைத்து, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் எம்.பி.என். முறை: எத்தனை குழாயில் கிருமி வளர்ந்து வாயு விட்டது என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்துக் கிருமி எண்ணிக்கையை மதிப்பிடுவது. கிருமி வளர்க்கும் மெக்கான்கி திரவத்தில் ஐந்தைந்து சோதனைக் குழாய்களாக மூன்று வரிசை. கிணற்றுத் தண்ணீருக்குப் போல 10, 1, 0.1 மில்லி என்று ஓடைக்கும் போட்டால் பதினைந்தும் வாயு காட்டும். அட்டவணை ‘1600க்கு மேல்’ என்று சொல்லி நின்றுவிடும். சாக்கடை கலந்த இடத்துக்கு அந்த விடை எதற்கும் உதவாது. 1, 0.1, 0.01 மில்லி என்று போடுங்கள். 1 மில்லி மாதிரியைக் கிருமி நீக்கிய 9 மில்லி கரைசலில் கலந்து, அதிலிருந்து 1 மில்லி எடுத்தால் 0.1 ஆயிற்று, அதையே இன்னொரு தடவை செய்தால் 0.01. வாயு வந்த குழாய்கள் வரிசைவாரியாக 5-3-1 என்று வந்தால் அட்டவணையில் 110. அட்டவணை 10, 1, 0.1 மில்லிக்கானது என்பதால் பத்தால் பெருக்கி, 100 மில்லிக்கு 1100 என்று எழுத வேண்டும். இந்தப் பத்தால் பெருக்குவதை மறப்பவர்கள் நிறைய.

வாயுவைப் பிடிக்கக் குழாய்க்குள் தலைகீழாக நிற்கும் சிறு டர்ஹாம் குழாயை மாதிரி போடுமுன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஆட்டோகிளேவை அவசரமாகத் திறந்தால் உச்சியில் கடுகளவு காற்றுக்குமிழ் நிற்கும். அது மறுநாள் ‘வாயு வந்தது’ என்று கணக்கில் ஏறிவிடும். 37 டிகிரியில் 24 மணி, வாயு வராவிட்டால் 48 மணி வைத்த பிறகு, வாயு வந்த குழாயிலிருந்து ஒரு கம்பி வளையம் அளவு எடுத்து, மலக்கிருமியை உறுதிசெய்யும் ஈ.சி. திரவத்தில் 44.5 டிகிரிக்கு மாற்ற வேண்டும். இங்கே அரை டிகிரி பிசகினாலும் விடை மாறும். கரண்ட் போய் வரும் ஊரில் இன்வெர்ட்டர் இல்லாமல் இந்தப் படியைத் தொடவே வேண்டாம்.

குளிக்கும் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவுகோல்: மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலை உள்ளிட்ட மலக்கிருமி வகை) 100 மில்லிக்கு 500 வரை விரும்பத்தக்கது, உச்சம் 2500. குடிநீருக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 10500 படி 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

கிருமி இருந்தால் கறுப்பாக மாறும் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைப் புட்டியை ஓடைக்குப் பயன்படுத்தாதீர்கள். கிருமி உண்டா இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும்; ஓடையில் உண்டு என்பது முன்பே தெரிந்த விஷயம். அழுகல் சேற்றில் உள்ள சல்பைடாலும் கறுத்துவிடும். ஓடையோரத்துக் கைப்பம்புக்கு அது அருமையான கருவி.

எண்ணோடு ஓட்டத்தையும் அளந்து வைக்க வேண்டும். நேராக ஓடும் 10 மீட்டரில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டோம். 40 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.25 மீட்டர், மேல்மட்டம் வேகமாக ஓடுவதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 20 செ.மீ. என்றால் வினாடிக்குச் சுமார் 85 லிட்டர். கார்த்திகையில் எண் குறைந்து தெரிந்தாலும் ஓட்டம் பல மடங்காகியிருந்தால் ஏரிக்குப் போய்ச்சேரும் மொத்தக் கிருமி கூடியிருக்கலாம்.

வளர்ந்த குழாய்களைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மாதிரியில் இருந்ததைவிடப் பல லட்சம் மடங்கு கிருமி அதில் இருக்கும். மூடியைத் தளர்த்தி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, ஆறவிட்டுக் கழுவுங்கள்.