நாற்பத்தொன்றும் இருபத்தொன்றும்

ஜூன் 10
வெளியே சாரல். வார்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் இன்று யாரும் சண்டைக்கு வரவில்லை. பிள்ளைகளும் நன்றாகத் தூங்கின. ஓஏஇ, அதாவது பச்சைப்பிள்ளையின் காதுச் சோதனை, எடுக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. முக்கூடல் பாப்பாவுக்கு மட்டும் இடது காது 'ரெஃபர்', பாஸ் ஆகவில்லை. பிறந்து இரண்டே நாள், காதுக்குள் நீர் அடைத்திருக்கலாம். நாளை மறுபடி.

ஜூன் 11
இன்றும் ரெஃபர். ஒரு மாதம் கழித்து வரச் சொல்வதுதான் வழக்கம். அதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார்: "நாப்பத்தொண்ணு கழியாம பச்சப்பிள்ளைய வாசல் தாண்ட விடமாட்டோம் தாயி. பொறவு கூட்டிட்டு வாரோம்."

காதுக்கு அது தாமதமே இல்லை. மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தால் போதும். ஆனால் கருவிலேயே தொற்றிக் காதைக் கெடுக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸைத் தேடுவதற்குக் கெடு, பிறந்து 21 நாள். அதற்குப் பிறகு வைரஸ் தெரிந்தாலும், கருவிலேயே தொற்றியதா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குச் சீக்கு அண்டாமல் பார்க்கிற கணக்கு அது. வீட்டுக்கு அனுப்புமுன் நாங்கள்தான் எடுக்க வேண்டும். டாக்டர் சரி என்றார். பால் குடித்து ஒரு மணி நேரம் விட்டு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சி. பாலிலும் வைரஸ் வரும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு.

ஜூன் 13
பிசிஆர் பாசிட்டிவ். எச்சிலை மட்டும் நம்பக்கூடாது. சிசேரியன் என்பதால் இன்னும் வார்டில்தான் இருக்கிறார்கள், மூத்திரம் பிடிக்கிற பை ஒட்டியாயிற்று. பெண் பிள்ளைக்கு அது ஒட்டி நிற்பதே பெரும்பாடு.

"எனக்குக் காய்ச்சல்கூட வரலியே மேடம். பீடி சுத்துனதாலயா?" என்றாள் தாய். அதனால் இல்லவே இல்லை. நம் ஊரில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்துபோயிருக்கும். உடம்பில் தங்கி, கர்ப்பத்தில் தலைதூக்கலாம்.

ஜூன் 16
மூத்திரத்திலும் பாசிட்டிவ். இனி கண், தலை ஸ்கேன், ரத்தம், காது நரம்பைப் பார்க்கும் பெரா. வைரஸ் மருந்து வால்கான்சிக்ளோவிர் கொடுப்பதானால் முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம். வெள்ளணு குறையும், அடிக்கடி ரத்தம் பார்க்கணும். குழந்தை டாக்டர்தான் முடிவுசெய்வார்.

இந்தத் தொற்றோடு பிறப்பவர்களில் 100க்கு 90 பேர் பார்வைக்கு நன்றாகவே இருப்பார்கள். அவர்களிலும் பத்தில் ஒருவருக்காவது காது மங்கும். எங்களிடம் பாஸ் ஆனவர்களும் அதில் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2023 முதல் எல்லாப் பிள்ளைக்கும் பார்க்கிறார்கள். இங்கே அவ்வளவு கேட்கவில்லை, இரண்டாம் முறை ரெஃபர் என்றால் அன்றே குச்சி எடுப்போம் என்றேன். "செலவு யாரு?" என்றார்கள் ஆஸ்பத்திரியில். நியாயமான கேள்விதான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதைத்தான் பேசணும்.