ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் படித்த நாட்கள்

ஆகஸ்ட் 3, 2025

ஷாஃப்ட்ஸ்பரியின் ஏழாவது ஏர்ல் (பரம்பரைப் பிரபுப் பட்டம்), ஆண்டனி ஆஷ்லி கூப்பர். ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்த பிள்ளைகளுக்காகப் போராடிய இங்கிலாந்து அரசியல்வாதி. 1801இல் பிறந்தவர். டோர்செட்டில் பரம்பரை நிலம், லண்டனில் மாளிகை, அம்மா மார்ல்பரோ டியூக்கின் மகள். இத்தனை இருந்தும் பிள்ளையைக் கொஞ்ச அந்த வீட்டில் ஆளில்லை. மரியா மில்லிஸ் என்ற பணிப்பெண்தான் அவரை உட்காரவைத்து பைபிள் கதை சொல்லி, ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தவர். சிறுவன் பள்ளியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். தன் தங்கக் கடிகாரத்தை அவனுக்கென்று விட்டுப்போயிருந்தார். பின்னாளில் பிரபு ஆன பிறகும் அந்தக் கடிகாரம்தான் அவர் சட்டைப்பையில் இருந்தது.

ஆகஸ்ட் 5

1826இல் உட்ஸ்டாக் தொகுதியின் எம்.பி. தாய்மாமன் வீட்டுச் சொத்து போல இருந்த தொகுதி, அதனால் வீடு வீடாக ஓட்டுக் கேட்கும் வேலை இல்லை. 1832 தேர்தலில் மைக்கேல் சாட்லர் தோற்றதும், பஞ்சாலைப் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய போராட்டம் இவர் கைக்கு வந்தது. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்பது கோரிக்கை. அரசு அதைத் தள்ளிவிட்டு 1833இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது: 9 வயதுக்குக் கீழே பெரும்பாலான ஆலைகளில் வேலை கூடாது, 13 வரை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நாடு முழுவதற்கும் நாலே நாலு ஆய்வாளர்கள்! ஆனாலும் ஆலைக்குள் நுழைந்து கேள்வி கேட்க அரசாங்க ஆள் ஒருவர் உண்டு என்று ஆனதே பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 9

இன்று முழுக்க 1842ஆம் ஆண்டுச் சுரங்க அறிக்கை. மனசே ஆறவில்லை.

சுரங்கத்துக்குள் காற்றோட்டத்துக்காகக் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் குழியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள்கூட. நிலக்கரி வண்டி வரும் சத்தம் கேட்டால் கயிற்றை இழுத்துக் கதவைத் திறக்கவேண்டும், வண்டி போனதும் மூடவேண்டும். பன்னிரண்டு மணி நேரம் இதே வேலை, பெரும்பாலும் கும்மிருட்டில். இன்னொரு பக்கம், இடுப்பில் வாரும் கால்களுக்கு நடுவே சங்கிலியுமாக, தவழ்ந்தபடி வண்டி இழுக்கும் பெண்கள். அறிக்கையிலேயே படம் போட்டிருந்தார்கள். அந்தப் படங்கள்தான் ஊரை உலுக்கின.

ஜூன் 7 அன்று ஆஷ்லி (பிரபுப் பட்டம் வருமுன் இவரை அப்படித்தான் அழைத்தார்கள்) இரண்டு மணி நேரம் பேசினார். மக்கள் சபை இசைந்தது. பிரபுக்கள் சபையில் சுரங்க முதலாளிகளே உட்கார்ந்திருந்தார்களே, சும்மா விடுவார்களா? சுரங்கத்தில் இறங்கும் சிறுவனுக்குக் குறைந்தது 13 வயது ஆகியிருக்கவேண்டும் என்று அவர் கேட்டதை 10ஆகக் குறைத்தார்கள். பெண்களுக்கு நிலத்தடி வேலை கூடாது என்ற பகுதி மட்டும் தப்பியது. ஆய்வாளர் இந்தமுறை ஒரே ஒருவர்.

ஆகஸ்ட் 14

இவரை ஜனநாயகவாதி என்று சொல்ல முடியாது. வாக்குரிமையை விரிவாக்கிய 1832, 1867 சீர்திருத்தங்கள் இரண்டையும் எதிர்த்தவர். தொழிலாளியின் குழந்தைக்காக அழுதவருக்கு அந்தத் தொழிலாளி கையில் ஓட்டுச் சீட்டைக் கொடுக்க மனம் வரவில்லை. எனக்கு இது நெருடல்தான். ஆனால் சொந்த லாபத்துக்காக வளைந்தவர் இல்லை. தானியச் சட்டம் (வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட சட்டம்) பற்றிக் கருத்து மாறியதும், பழைய நிலைப்பாட்டைச் சொல்லி வாங்கிய எம்.பி. பதவியில் இருக்கக்கூடாது என்று 1846இல் ராஜினாமா செய்தார். அதனால் 1847இல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியபோது சபையில் இவர் இல்லை. ஜான் ஃபீல்டன் என்ற ஆலை முதலாளிதான் அதைக் கரைசேர்த்தார்.

‘உங்கள் அப்பாவின் பண்ணையாட்கள் எப்படி வாழ்கிறார்கள்?’ என்று எதிரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1851இல் பட்டம் கைக்கு வந்ததும், கடனில் மூழ்கிய எஸ்டேட்டில் குடும்ப ஓவியங்களை விற்றுக் கூலிக்காரர்களின் குடிசைகளைச் சீர்படுத்த ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 17

புகைபோக்கிச் சிறுவர்கள், அதாவது புகைபோக்கிக்குள் ஏறிச் சுத்தம் செய்த பிள்ளைகள். 1840இல் ஒரு சட்டம், 1864இல் இன்னொன்று. இரண்டையும் யாரும் மதிக்கவில்லை. 1875இல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். அப்படிப்பட்ட மருத்துவமனைகளைக் கண்காணித்த ஆணையத்தின் தலைவரே ஷாஃப்ட்ஸ்பரிதான். அதே ஆண்டு வந்த சட்டம், போலீஸ் உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்றது. அப்புறம்தான் பிள்ளைகளை மேலே ஏற்றுவது நின்றது.

பம்பாய் ஆலைகளுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று அப்போது பிரபுக்கள் சபையில் பேசியிருக்கிறார். போட்டிக்குப் பயந்த, இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரின் முதலாளிகளும் அதையே கேட்டார்கள், வேறு காரணத்துக்காக. 1881இல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக் குழந்தைக்கு 9 மணி நேர வேலையை அனுமதித்தது. அடுத்து, 1884இல் அந்த ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்ட நாராயண் மேகாஜி லோகண்டேயைப் படிக்கப்போகிறேன்.