லிங்கராஜபுரத்துப் பின்கட்டும் அங்கே வருகிற பறவைகளும்

கம்பு போடுவதை நிறுத்திய பிறகுதான் எங்கள் பின்கட்டுக்குப் பறவைகள் வர ஆரம்பித்தன. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் புறா.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் கீழ்வீடு, வாடகை. பின்னால் ஒரு மினி லாரி நிறுத்துகிற அளவுக்கு மண்தரை. துவைக்கிற கல், ஒரு கறிவேப்பிலை மரம், இரண்டு வாழை, செம்பருத்தி, இட்லிப்பூச் செடி. பக்கத்து மனையிலிருந்து சுவர் தாண்டிச் சாய்ந்திருக்கும் சிங்கப்பூர் செர்ரி மரம்தான் பெரிய சொத்து. தேன்பழம் என்று ஊரில் சொல்வோமே, அதேதான். இங்கே கசகசே மரம் என்கிறார்கள்.

ஜூனில் ஆரம்பித்தேன். கம்பு, நொய்யரிசி, கொஞ்சம் தினை கலந்து மூங்கில் தட்டில் வைத்தேன். முதலில் ஒரு ஜோடி புள்ளிப்புறா வந்து நாசூக்காகத் தின்றுவிட்டுப் போனது. அவ்வளவுதான், செய்தி பரவிவிட்டது. மாடப்புறாக் கூட்டம் வந்து இறங்கியது. மாடிவீட்டு அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, தீனி உங்க வீட்ல, எச்சம் என் துணி மேலயா?” நியாயமான கேள்வி. துணியோடு போவதில்லை இது. காய்ந்த புறா எச்சத்தின் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சியே வரும். மும்பையில் 2025 ஜூலையில் கபூத்தர்கானாக்களை, அதாவது புறாவுக்குத் தீனி போடும் பொது இடங்களை, மூடச் சொன்னபோது எழுந்த சண்டையெல்லாம் இதை வைத்துத்தான். நகரத்தில் புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியம் என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

தட்டை எடுத்துவிட்டு, ஒன்றரை அங்குலச் சதுரக் கண் உள்ள கம்பிவலையில் ஒரு கூண்டு கட்டி, அதற்குள் தினையை மட்டும் வைத்தேன். சின்னப் பறவை நுழையலாம், புறா நுழைய முடியாது. புறா நின்றது, அணில் நுழைந்தது. உள்ளே உட்கார்ந்து வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, வெளியே வர வழி தெரியாத மாதிரி நம்மை முறைக்கும். கடைசியில் செல்லப்பறவைக் கடையில் தினைக் கதிராகவே வாங்கி, துணி காயப்போடும் கம்பியின் நடுவில் மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டேன். அதற்குத்தான் புள்ளிச் சில்லைகள் வந்தன. மார்பில் மீன்செதில் மாதிரி கோலம், தடித்த அலகு. கதிரிலேயே தொற்றிக்கொண்டு, ஒரு மணியை உருவி, அலகுக்குள் உருட்டி, உமியைத் தள்ளிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். கீழே தரையில் உமி மட்டும் கிடக்கும். முறம் வைத்துப் புடைத்தால்கூட இவ்வளவு சுத்தமாக வராது. இப்போது தானியம் என்று நான் வைப்பது இந்தக் கதிர் ஒன்றுதான், அதுவும் எப்போதாவது.

பெரிய மாற்றம் தண்ணீரால் வந்தது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் கிடையாது, நடுவில் ஒரு சொரசொரப்பான கல். செம்பருத்திக்குப் பக்கத்தில், ஆனால் பூனை பதுங்க முடியாதபடி துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். செம்மீசைச் சின்னான்தான் முதல் வாடிக்கையாளர். அதன் பின்னால் தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், மைனா. மைனா குளித்தால் தட்டில் மிச்சம் இருப்பது ஈரம் மட்டுமே.

தினமும் காலையில் பழைய தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுகிறேன். வெறுமனே தண்ணீர் மாற்றினால் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் காயவிடுவேன். ஒரே தட்டில் பத்துப் பறவை வாய் வைத்தால் நோயும் அதே தட்டில்தான் பரவும். பறவைக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயே, ஊரில் தண்ணிக்கு என்ன பாடு என்று கேட்கிறவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினாலோ செடிக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. தட்டுக்குப் பிடிப்பது அரை லிட்டர். அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போகிறது, கணக்கு சரியாகிவிடும்.

தட்டை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கோஷ்டி இருந்தது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும். செடிக்குப் பூவாளியில் ஊற்றும்போது தற்செயலாகத்தான் பார்த்தேன். வாழையிலை மேல் தெறித்த தண்ணீர் நடுநரம்புப் பள்ளத்தில் ஓடித் தேங்குகிறது. தேன்சிட்டு இலையின் மேல்முனையில் உட்கார்ந்து, நெஞ்சை இலையோடு ஒட்டி, இறக்கையைப் பாதி விரித்துச் சறுக்கிக்கொண்டே கீழே வருகிறது. மறுபடி மேலே பறந்து மறுபடி சறுக்கல். பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்புக்கு அந்த ஈரம் தாராளம். வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து செம்பருத்தி இலைகளுக்குள் புகுந்து உடம்பைத் தேய்த்துக்கொள்கின்றன. அன்றிலிருந்து தட்டில் ஊற்றும்போது இலைகள் மேலும் ஒரு கை தெளித்துவிடுகிறேன். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமே என்று தோழி சொன்னாள். நம் வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும். இட்லிப்பூ இருக்கும்போது அது எதற்கு?

பழத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை. செர்ரி மரம் பார்த்துக்கொள்கிறது. குக்குறுவான், குயில், கட்டைவிரல் அளவே இருக்கும் டிக்கெல் பூங்கொத்தி, இரவில் வௌவால். கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் சின்னான்கள் தின்று, தெரு முழுக்கக் கன்று போட்டுவைத்திருக்கின்றன.

அடுத்தது சருகு. வாழைக்கு அடியில் கொஞ்சம் இலையைப் பெருக்காமல் விடலாம் என்றதற்கு அத்தை, “வீட்டுக்கு லட்சுமி வருவாளா, பாம்பு வருமா?” என்றார். சுவரோரம் ஒரு முழ அகலம் மட்டும் என்று பேசி முடித்தோம். டிசம்பரில் அந்த ஒரு முழத்துக்கு வந்தது செந்தலைப் பூங்குருவி. ஆரஞ்சுத் தலை, நீலச்சாம்பல் முதுகு, கன்னத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கறுப்புக் கோடு. சருகை அலகால் கவ்விப் பக்கவாட்டில் வீசும், ஒரு நொடி அசையாமல் நிற்கும், சடாரென்று குத்தி மண்புழுவை இழுக்கும். அத்தை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் துடைப்பம் அந்தப் பக்கம் போவதில்லை.

ஜனவரியில், கூடப்பிறந்தவர்களுக்காகப் பறவைகளுக்குச் சோறு வைக்கிற கணுவன்று, துவைக்கிற கல்லின் மேல் மஞ்சள் இலை பரப்பி, அத்தை மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமுமாகப் பிடி வைத்தார். காகத்துக்கு முன்னால் மைனா வந்து ஒரு பிடியைக் கலைத்துவிட்டது. “போகட்டும், அதுவும் யாருக்கோ கூடப்பிறந்ததுதான்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். அதே வாரம் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கிற நாலு நாள் கணக்கெடுப்பில் நானும் சேர்ந்தேன். ஒரே இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். புறாவையும் எண்ண வேண்டும் என்பதுதான் ஒரே வருத்தம்.

மார்ச்சில் செம்பருத்திக்குள் சின்னான் கூடு கட்டியது.  குஞ்சுக்குப் போனதெல்லாம் பச்சைப்புழுவும் வெட்டுக்கிளியும். செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கலாமா என்று வீட்டில் நடந்த விவாதம் அதோடு முடிந்தது. கூட்டைவிட்டு வெளியே வந்த குஞ்சுகளுக்குக் கொண்டை முளைத்திருந்தது, கன்னத்துச் சிவப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

சிட்டுக்குருவி இன்னும் வரவில்லை. 32 மில்லிமீட்டர் துளையோடு மரப்பெட்டி ஒன்று மாட்டினேன். ஒரு ஜோடி சாம்பல் பட்டாணிக்குருவி வந்து தலையை நீட்டி உள்ளே பார்த்துவிட்டுப் போய்விட்டது. மதிய வெயில் நேராக அடிக்கிற சுவர், காரணம் அதுவாக இருக்கலாம். இந்த வாரக் கடைசியில் பெட்டியைக் கழற்றி, கறிவேப்பிலை நிழல் விழுகிற கிழக்குச் சுவருக்கு மாற்றப் போகிறேன். ஏணி மாடிவீட்டில்தான் கேட்க வேண்டும்.